கடி ஆறிய பின்னும்

கட்டடங்களும் ஒழுங்கைகளும் நெருங்கிக் கிடக்கும் கிராண்ட்பாஸில் பாம்புக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் களனி கங்கை நமக்கு அருகில்தான் ஓடுகிறது. 2016 மே மாதத்தில் அது பெருக்கெடுத்ததை நாம் மறக்கவில்லை. விடுமுறை விட்டதும் புத்தளத்துக்கும் மாவனல்லைக்கும் காத்தான்குடிக்கும் உம்மும்மா வீடு தேடிப் போவோரும் நாமேதான்.

2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கையெங்கும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும், அவர்களுள் சுமார் 30,000 பேருக்கு விஷம் ஏறுவதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அப்படியானால் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர் வீடு திரும்பியதும் கதை முடிந்ததென்று நாம் எண்ணிவிடுகிறோம்.

முடிவதில்லை. விஷம் ஏறிப் பிழைத்த 88 பேரைப் பற்றி 2011 இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், பாதிக்கு மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த நிகழ்வின் அதிர்ச்சி நோயாகவே நீடித்தது. சிலர் தொழிலையே விட்டுவிட்டனர். வயலில் இறங்கினால்தான் சோறு என்றிருப்பவருக்கு வயலே அச்சமாகிவிட்டால் என்ன செய்வது? "பயந்தாங்கொள்ளி" என்று அவரைக் கேலி செய்வது அநியாயம்.

இங்கு அதிகமானோரைக் கடிப்பது நாகமல்ல. சிங்களத்தில் 'குணகட்டுவா' எனப்படும், மூக்கு நுனி மேல்நோக்கிய சிறிய பழுப்புநிறப் பாம்பே. சருகோடு சருகாகக் கிடக்கும். நாம் இந்தியாவிலிருந்து தருவிக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. குணகட்டுவாவுக்கு அது உதவாது. அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குமாதலால் வைத்தியசாலையில்தான் ஏற்றவேண்டும். அங்கே எளிய சோதனையொன்று உண்டு. சிறிதளவு இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பின் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியனின் விஷம் இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று பொருள்.

கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கையே கூட்டும். வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். பாம்பைத் துரத்திப் பிடிக்கவேண்டியதில்லை.

கட்டுவிரியனைப் பற்றி ஒரு வார்த்தை. அது கடித்தால் பெரும்பாலும் வலிப்பதில்லை. இரவில் தரையில் படுத்திருப்போரைத்தான் அதிகமாகக் கடிக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியை ஆரியராணி ஞானதாசனும் சகாக்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆகவே ஊரில் பாய் விரித்துப் படுப்பதைவிடக் கட்டிலும், மெத்தைக்கடியில் செருகிய நுளம்பு வலையும் மேல். சுபஹுக்கு எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போகையில் டோர்ச்சும் செருப்பும் வேண்டும். வெள்ளம் வடிந்த வீட்டில் சாமான்களுக்கிடையே கையை விடுமுன் நீண்ட தடியால் கிளறிப் பார்க்கவேண்டும். வெளியே வைத்த சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே காலை நுழைக்கவேண்டும்.