லண்டனில் ஒரு கட்டில்

கடல் கடந்த கம்பம் பள்ளத்தாக்கு – 9

போன வாரம் விசாவோடு நிறுத்தியிருந்தோம். விசா கைக்கு வந்ததும் அல்லிநகரத்து வீடுகளில் அடுத்துக் கிளம்பும் கேள்வி, "அங்கன போயி பய எங்க படுப்பான்?" என்பதுதான். கேட்பது பெரும்பாலும் அம்மாவாக இருக்கும். அப்பா அதற்குள் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டிருப்பார்.

2025இல் லண்டனின் சராசரி வீட்டு வாடகை மாதம் 2,200 பவுண்டைத் தாண்டியது. நம் காசில் இரண்டரை லட்சத்துக்குப் பக்கம். தேனியில் அந்தப் பணத்துக்கு மாடி வீடே பிடித்து ஒரு வருஷம் இருக்கலாம். லண்டனில் படிக்கப் போகிறவர் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுண்டு இருப்புக் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தொகையை இன்னும் கூட்டினார்கள். அது விசா அதிகாரிக்குக் காட்டும் கணக்கு. படுக்க இடம் தேடும் கணக்கு வேறு.

அந்தக் கணக்கு நூறு வருஷத்துக்கும் பழையது. 1905இல் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட் பகுதியில் 'இந்தியா ஹவுஸ்' என்ற மாணவர் விடுதியைத் திறந்தார். பாரிஸ்டர் படிக்கப் போன நம் வ.வே.சு. ஐயர் சேர்ந்த இடம் அது. கிடைத்தது கட்டில் மட்டுமல்ல, ஒரு விடுதலை இயக்கமே கிடைத்தது. 1909 ஜூலையில், அங்கே வந்துபோன மதன்லால் திங்ரா பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்ட பிறகு அந்த விடுதி நிலைக்கவில்லை. இந்திய மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பதில் பிரிட்டிஷ் அரசுக்குத் திடீர் அக்கறை வந்தது. குரோம்வெல் சாலை 21ஆம் எண் வீடு, வந்திறங்கும் மாணவர்களை வரவேற்கும் இடமானது. தங்க வைக்கிறார்களா, கண்காணிக்கிறார்களா என்று மாணவர்களுக்கே சந்தேகம். 1914 ஏப்ரலில் கப்பலிறங்கிய கணிதமேதை ராமானுஜனும் முதல் சில நாள் தங்கியது அங்கேதான். பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதியின் வீடு, அப்புறம்தான் டிரினிட்டி கல்லூரி அறை. முதலில் இரண்டு மூன்று தற்காலிக இடம், பின்னர் நிலையான இடம் என்ற இந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை. முதல் நாளே ஒரு வருஷத்துக்கு அறை பிடிக்கத் துடிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

சேலத்தில் பிறந்த கே.டி. பால் 1920இல் தொடங்கிவைத்த இந்திய மாணவர் விடுதிதான் இன்று பிட்ஸ்ராய் சதுக்கத்தில் நிற்கும் இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. பழைய கட்டடத்தை 1940இல் ஜெர்மன் குண்டு அழித்தது. இப்போதுள்ளது போருக்குப் பின் கட்டியது. நகரின் நடுமையத்தில் இருந்துகொண்டு, காலை உணவையும் இரவுச் சாப்பாட்டையும் வாடகையோடு சேர்த்தே நெடுங்காலம் கொடுத்துவந்த இடம். சோறும் பருப்பும் தேடி அலைகிற வேலை மிச்சம். முதல் பத்து நாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் சொல்ல மாட்டேன். இடம் கிடைக்க முன்கூட்டியே எழுத வேண்டும்.

சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு வழி எளிது. ஒய்.எச்.ஏ. விடுதிகளில் ஒரே அறையில் பலர் படுக்கும் அடுக்குக் கட்டில் உண்டு. கோடை விடுமுறையில் எல்.எஸ்.இ. போன்ற கல்லூரிகள் தங்கள் மாணவர் விடுதி அறைகளை வெளியாருக்கு விடுகின்றன; நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. குடும்பமாகப் போனால் பிரீமியர் இன், டிராவல்லாட்ஜ் ஓட்டல்களில் இரண்டு மாதம் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். மையத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் ரயில் தடத்தில் சற்றுத் தள்ளிப் பாருங்கள். பணம் பொருட்டில்லை என்றால் பக்கிங்காம் அரண்மனைக்கு அருகில் டாடாவின் தாஜ் ஓட்டலே இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்குக்காரர்கள், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் கல்லறையைக் கும்பிடாமல் திரும்ப மாட்டார்கள். அது லண்டனில் இல்லை, சர்ரே மாவட்டத்து பிரிம்லியில். காலையில் வாட்டர்லூவில் ரயிலேறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம், அங்கே ராத்தங்க வேண்டாம்.

மாணவர் கதைக்கு வருவோம். பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் முதல் வருஷம் அதில் இருப்பது நல்லது. விலை கூட, ஆனால் வம்பில்லை. கிடைக்காதவர்கள் போய்ச் சேருவது ஈஸ்ட்ஹாம். ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெரு, பக்கத்தில் மேனர் பார்க் முருகன் கோயில், டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில். வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், குரோய்டன் பக்கம் ஈழத் தமிழர் வீடுகளில் அறை கிடைக்கும். தனி அறை, இருவர் பங்கு போடும் அறை, வெறும் கட்டில் என்று மூன்று தரம். பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் வாடகை சொல்வார்கள். வாரம் 150 என்றால் நாலால் பெருக்கி மாதம் 600 என்று நினைத்துவிடாதீர்கள். வருஷத்துக்கு 52 வாரம். மாதத்துக்கு 650 வரும். மின்சாரம், கேஸ் எல்லாம் உட்படவா என்று கேளுங்கள். ஜூலையில் போய் அறை பார்ப்பவருக்கு ஜனவரியின் ஹீட்டர் பில் எப்படி இருக்கும் என்று தெரியாது.

இங்கிலாந்தில் சட்டம் குடியிருப்பவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அறையைப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் சேர்க்க வேண்டும். 2025இல் நிறைவேறிய புதிய வாடகைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. உள்ளூரில் ஜாமீன் போட ஆளில்லாத நம் பிள்ளைகளிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்ட வழக்கத்துக்கு இதுதான் முட்டுக்கட்டை. ஐந்து பேரோ அதற்கு மேலோ பங்கு போட்டுக் குடியிருக்கும் வீட்டுக்கு உரிமம் வேண்டும். அதில் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது எழுபது சதுர அடி. இருவர் என்றால் 110.

கேட்க நன்றாக இருக்கிறதா? சிக்கல் இனிமேல்தான். வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் குடியிருந்து ஓர் அறையை மட்டும் விட்டால், டெபாசிட் பாதுகாப்பும் புதிய சட்டமும் அந்த அறைக்குப் பொருந்தாது. நம்மவர்களுக்குக் கிடைப்பதில் பாதி இப்படிப்பட்ட அறை. இன்னொரு வகை, வீட்டை வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளருக்குத் தெரியாமல் உள்ளே ஆள் சேர்ப்பது. விஷயம் வெளியே வந்தால் எல்லோரும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, வங்கிக் கணக்குத் தொடங்கக் காட்ட முகவரிச் சான்று இல்லை. "நம்ம ஊர்ப் பயதாண்ணே, எதுக்குப் பேப்பரு?" என்ற ஒரு வார்த்தையில் போன பணம் கொஞ்சமல்ல. ஊர்க்காரர் வீட்டில் தங்குவதில் தப்பே இல்லை, பலருக்கு அதுதான் வாழ்வு கொடுத்தது. அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து அல்லிநகரத்திலிருந்து டெபாசிட் அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் தங்க விடுதிக்கட்டணம் கட்டுங்கள். அவன் போய் அறையைப் பார்த்து, சாவி வைத்திருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு, கையெழுத்தான காகிதம் வாங்கிய பிறகு பணம் கட்டட்டும்.

(தொடரும்)