குறிக்கோளும் இலக்கும்: வங்கித் தாள்களில் சில ஆங்கிலச் சொற்கள்

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் மெல்ல இறங்கியது. பெங்களூரு பீனியாவிலுள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்தில் எழுந்த ஆரவாரத்தை நாடே தொலைக்காட்சியில் கண்டது. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் என்பதில் தமிழர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

பத்திரமாகத் தரையிறங்குவது அவர்களின் 'கோல்', அதாவது குறிக்கோள். அதற்கென நிலவின் பரப்பில் வரையறுத்த இடம் 'டார்கெட்', அதாவது இலக்கு. 2019இல் சந்திரயான்-2 கலத்துக்கு நீளமும் அகலமும் 500 மீட்டர் கொண்ட இடமே குறிக்கப்பட்டிருந்தது. அம்முயற்சி தோல்வியுற்றபின், மறுமுறை அந்த இடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும் 2.5 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தனர். குறிக்கோள் மாறவில்லை, இலக்கு மாறியது.

சேமிப்பிலும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நன்று. மகளின் மேற்படிப்பு என்பது கோல். 5 ஆண்டுகளில் 6 லட்சம் ரூபாய் என்பது டார்கெட். வட்டியைக் கணக்கில் கொள்ளாவிடில் மாதம் 10,000 ரூபாய் வேண்டும். அது இயலாதெனில் காலத்தை 6 ஆண்டுகளாக நீட்டலாம்; மாதத் தொகை ஏறத்தாழ 8,300 ரூபாயாகக் குறையும். தொகையும் தேதியும் இல்லாத விருப்பத்தை எந்தத் தொடர் வைப்புப் படிவத்திலும் நிரப்ப இயலாது.

இலக்கை அடைவதற்கான வினைச்சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. 'அச்சீவ்' என்பது முயன்று பெறுவது. 'அட்டெய்ன்' என்பது ஒரு நிலையையோ வயதையோ எய்துவதற்கும் வழங்கும். அதனால்தான் சிறார் கணக்கு விதிகளில், 18 வயது நிறைவதைக் குறிக்க அட்டெய்ன் வருகிறது, அச்சீவ் வருவதில்லை. பிறந்தநாள் வருவதற்கு எவரும் உழைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நாளுக்குப்பின் பாதுகாவலரின் கையொப்பம் அக்கணக்கில் செல்லாது. உரியவரே வந்து மாதிரிக் கையொப்பமும் அடையாள ஆவணங்களும் தர வேண்டும்.

'மீட்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்து, 'இலக்கைச் சந்தித்தோம்' என்று எழுதுவோர் உண்டு. இலக்கை எட்டினோம் என்பதே தமிழ்.

'ரியலைஸ்' இன்னும் சுவையானது. உணர்தல் என்ற பொருள் பலருக்கும் தெரியும். மெய்யாக்குதல் என்ற பொருளும் அதற்குண்டு. கனவு நனவாவதை அச்சொல்லால் குறிப்பர். காசோலையின் பணம் உண்மையில் வசூலாகிக் கைக்கு வருவதற்கும் அதே சொல்தான். 'ரியலைசேஷனுக்கு உட்பட்டது' என்று ரசீதில் இருந்தால், காசோலை பெறப்பட்டுள்ளது, பணம் இன்னும் வசூலாகவில்லை என்று பொருள். அதை நம்பி மறுநாளே மற்றொருவருக்குக் காசோலை கொடுப்பது இடர்.

எல்லாவற்றினும் கவனமாகப் படிக்க வேண்டியது பரஸ்பர நிதித் திட்ட ஆவணம். அதில் முதலீட்டின் 'அப்ஜெக்டிவ்', அதாவது நோக்கம், முதலிலேயே கூறப்பட்டிருக்கும். வளர்ச்சியை ஈட்ட 'சீக்' செய்கிறது என்பது அங்கு வழக்கமான நடை. சீக் என்றால் நாடுவது, தருவதாக ஒப்புக்கொள்வதன்று. அந்த நோக்கம் அச்சீவ் ஆகும் என்பதற்கு உறுதியில்லை என்ற வாக்கியமும் உடன் வரும். பலர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டுக் கையொப்பமிடுகின்றனர். நிலை வைப்பு ரசீதில் சீக் என்ற சொல்லுக்கு இடமில்லை. முதிர்வுத் தேதியும் முதிர்வுத் தொகையும் எண்களில் இருக்கும். அத்தேதிவரை வைப்பைக் கலைக்காமல் வைத்திருப்பவருக்கே அத்தொகை உரியது. வரிப் பிடித்தம் இருப்பின் கைக்கு வருவது சற்றுக் குறையும்.