பச்சை ஈயின் குடலில் ஒரு சாட்சி

மீன் கழிவைச் சுற்றி மினுமினுவென்று பறக்குமே பச்சை ஈ, அதன் குடலில் ஓர் உயிரி குடியிருக்கிறது. பெயர் கிரித்திடியா லூசிலியே. ஒரே ஒரு செல், நீந்த ஒரு கசையிழை, அவ்வளவுதான் அதன் உடம்பு. நமக்கு அதனால் எந்த நோயும் வராது. ஆனால் நமக்கு வரும் லூபஸ் என்ற நோயைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைக் கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள்!

நம் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்கள் உண்டு. கிருமிகள்மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைக் காட்டிக்கொடுப்பது இவற்றின் வேலை. லூபஸ் வந்தவர்களிடம் சில எதிர்ப்பொருள்கள் கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பின் பொருள்கள்மேலேயே ஒட்டுகின்றன. இவைதான் தன்னெதிர்ப்பொருள்கள். இவற்றில் ஒரு வகை நேரே டிஎன்ஏவைப் பிடிக்கும். 1957-இல் இதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

டிஎன்ஏ செல்லுக்குள்ளே அல்லவா இருக்கிறது, வெளியே திரியும் எதிர்ப்பொருளுக்கு எப்படி எட்டும்? நம் உடம்பில் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. மிச்சத்தை உடம்பே அப்புறப்படுத்திவிடும். லூபஸில் இந்தத் துப்புரவு சரியாக நடப்பதில்லை. சிதறிய டிஎன்ஏவும் எதிர்ப்பொருளும் சேர்ந்து சின்னச் சின்னத் திரள்களாகின்றன.

அவை போய்ப் படியும் முக்கியமான இடம் சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் அவற்றில் வடிகிறது. (பயப்படாதீர்கள், பெரும்பகுதி இரத்தத்துக்கே திரும்பிவிடும்!) திரள்கள் அங்கே படிந்ததும் அழற்சி தொடங்குகிறது, வடிகட்டி பழுதாகிறது. இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது. சிறுநீர் நுரைக்கும், காலும் முகமும் வீங்கும். சிலருக்கு ஆரம்பத்தில் எதுவுமே தெரியாது. அதனால்தான் லூபஸ் உள்ளவர்களுக்கு அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை.

சரி, ஈயின் குடல்வாசிக்கு இங்கே என்ன வேலை? மனித செல்லின் உட்கருவில் டிஎன்ஏவோடு பலவகைப் புரதங்களும் பின்னிக் கிடக்கின்றன. எதிர்ப்பொருள் எதன்மேல் ஒட்டியது என்று பிரித்துச் சொல்வது கடினம். கிரித்திடியாவிலோ உட்கருவுக்கு வெளியே இன்னொரு டிஎன்ஏ கட்டு தனியாக இருக்கிறது. அதன் பெயர் கைனெட்டோபிளாஸ்ட். உட்கருவில் உள்ள ஹிஸ்டோன் புரதங்கள் அதில் இல்லை. 1975-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தி ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். இந்த உயிரிகள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் நோயாளியின் இரத்தச் சீரத்தை விட்டுக் கழுவுவார்கள். பிறகு, மனித எதிர்ப்பொருளைத் தேடிப் பிடிக்கும் ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். நுண்ணோக்கியில் அந்தச் சின்னக் கட்டு பச்சையாக ஒளிர்ந்தால், டிஎன்ஏவைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் அந்த இரத்தத்தில் இருக்கிறது.

ஒளிர்ந்துவிட்டதாலேயே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் ஊசியால் சிறுநீரகத்திலிருந்து துளித் திசு எடுத்துப் பார்ப்பார்கள். அங்கேயும் அதே பச்சைச் சாயம்தான். இந்த முறை வடிகட்டிக்குள்ளேயே எதிர்ப்பொருள் படிந்திருப்பதைக் காட்டும். அதைப் பார்த்து மருந்தை முடிவு செய்வார்கள். பலருக்குக் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியாவுக்கும் தரப்படும் மருந்து.

இன்னொன்று: லூபஸ் தொற்றுநோய் அல்ல. அது உள்ள தோழியின் பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம். வெயில் பட்டால் அவளுக்கு நோய் கூடலாம் என்பதால், விளையாட மட்டும் நிழலான இடமாகப் பாருங்கள்.