நாலரை வயதில் தொடங்கும் பாடம்

2015 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபார்முலா 1 காரில் களமிறங்கினார். அன்று அவருக்கு வயது 17 ஆண்டு 166 நாள். சாலையில் கார் ஓட்டும் உரிமம்கூட அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு, 18 வயதில், ஸ்பெயினில் வென்று ஃபார்முலா 1 வரலாற்றிலேயே மிக இளைய வெற்றியாளர் ஆனார். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன்.

அப்பா யோஸ் வெர்ஸ்டாப்பன் நெதர்லாந்தைச் சேர்ந்தவர். 1994இல் பெனட்டன் அணியில் மைக்கேல் ஷூமாக்கருடன் ஓட்டியவர். அம்மா சோஃபி கும்பென் பெல்ஜியத்தின் பெயர்பெற்ற கோ-கார்ட் வீராங்கனை. ‘ரத்தத்திலேயே ஊறியது’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஓட்டும் திறமை பயிற்சியில் வருவது. அந்தப் பயிற்சி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால்தான் இந்தக் குடும்பம் தந்தது என்னவென்று விளங்கும்.

அது தொடங்குவது கோ-கார்ட்டில். பார்க்கப் பொம்மை வண்டிபோல இருந்தாலும் மிகக் கண்டிப்பான ஆசிரியர் அது. அதில் சஸ்பென்ஷன் கிடையாது. நாம் ஓட்டும் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டை டிஃபரன்ஷியல் கவனித்துக்கொள்கிறது. கார்ட்டில் அதுவும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுழலும். அப்படியே திருப்பினால் வண்டி வளைய மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஆகவே வளைவுக்குள் நுழையும் கணத்தில் உட்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்ப வேண்டும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்புவது, பிரேக்கை எப்போது விடுவது என்ற கணக்கு சரியாக அமைந்தால்தான் அது நடக்கும். எடை எந்தச் சக்கரத்துக்கு நகர்கிறது என்பதைச் சிறுவனின் முதுகும் இடுப்பும் அறிந்துகொள்கின்றன.

இரண்டாவது பாடம் டயரைப் பற்றியது. டயருக்கு உள்ள பிடிமானம் அளவானது. முழுவதையும் பிரேக் பிடிக்கச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. அதனால் தேர்ந்த ஓட்டுநர் நேர்ப்பாதையில் பலமாகப் பிரேக்கை அழுத்தி, வளைவுக்குள் செல்லச் செல்ல மெல்ல விடுவிக்கிறார். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த எல்லையைத் தொட்டபடியே ஓட்டுவதுதான் இந்தத் தொழில்.

மேக்ஸ் கார்ட் ஓட்டத் தொடங்கியபோது அவருக்கு நாலரை வயது. யோஸ் தானே மகனின் இஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்தார். வேனில் கார்ட்டை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கப் பந்தயங்களுக்கு அழைத்துப்போனார். 2013இல், 15 வயதில், கியர் உள்ள கார்ட்களுக்கான உலகப் பட்டத்தை மேக்ஸ் வென்றார். மறுஆண்டு ஃபார்முலா 3. அதற்கடுத்த ஆண்டே ஃபார்முலா 1. இத்தனை இளையவர் வந்துவிட்டதைக் கண்டு, ஃபார்முலா 1 ஓட்டக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று உலக மோட்டார் கூட்டமைப்பு விதி வகுத்தது.

அந்தப் பயிற்சியின் பலனை 2016 நவம்பரில் பிரேசிலின் இன்டர்லாகோஸில் உலகமே பார்த்தது. அன்று கொட்டும் மழை. வழக்கமாகக் கார்கள் செல்லும் தடத்தில் டயர் ரப்பர் அப்பியிருக்கும். உலர்ந்திருக்கும்வரை நல்ல பிடிமானம் தரும் அந்தத் தடம், நனைந்தால் பாசி படிந்த குளத்துப் படிக்கட்டாகிவிடும். மேக்ஸ் அதைவிட்டு விலகி, யாரும் போகாத வெளிவிளிம்பில் சொரசொரப்பான தரையைத் தேடி ஓட்டினார். டயர் மாற்றி வந்து 16ஆம் இடத்தில் இருந்தவர், எஞ்சிய சுற்றுகளில் ஒவ்வொருவராக முந்தி மூன்றாவதாக முடித்தார். மழையில் வழக்கமான தடத்தைவிட்டு விலகுவது கார்ட் பந்தயத்தில் பால பாடம். அதை ஃபார்முலா 1 காரின் வேகத்தில், தண்ணீர்த் திரைக்கு நடுவே செய்யும் துணிவுதான் அரிது.

மோட்டார் பந்தயக் குடும்பம் பிள்ளைக்குக் கொடுப்பது இதைத்தான்: சிறுவயதிலேயே ஒரு வண்டி, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை, தவறு எங்கே நேர்ந்தது என்று அன்றைக்கே சொல்லக்கூடிய ஒரு மூத்தவர், பல்லாண்டுப் பயிற்சிக்கான செலவு. வேறு வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் இந்த நான்கும் கிடைத்தால் அதே தேர்ச்சி கைகூடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் கார்ட் பந்தயத்தின் கதவைத் திறந்துவிடுவதுதான் இந்த விளையாட்டை நடத்துபவர்களின் கடமை.