‘கிரியே எலெய்சோன்’: லத்தீன்னு நினைச்சீங்களா?

அமெரிக்க ராக் இசைக்குழுவான ‘மிஸ்டர் மிஸ்டர்’ 1985-ல் வெளியிட்ட பாட்டு ‘கிரியே’. 1986 மார்ச்சில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. பல்லவியில் திரும்பத் திரும்ப வரும் ‘கிரியே எலெய்சோன்’ லத்தீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கிரேக்கம்!

குழப்பம் ஏன்?

கத்தோலிக்கத் திருப்பலி பல நூற்றாண்டுகள் லத்தீனில்தான் நடந்தது. ஆனால், இந்த வேண்டுதலை மொழிபெயர்க்காமல் கிரேக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். லத்தீனுக்கு நடுவே கேட்டுக் கேட்டு, இதுவும் லத்தீன் என்றே பதிந்துவிட்டது.

அர்த்தம் என்ன?

கிரேக்கத்தில் ‘கிரியோஸ்’ என்றால் ஆண்டவர். கூப்பிடும்போது ‘கிரியே’. நம்ம ‘ஆண்டவர்’, ‘ஆண்டவரே’ ஆகுற மாதிரிதான். ‘எலெய்சோன்’ என்றால் ‘இரக்கம் வையும்’. தமிழ்த் திருப்பலியில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று சொல்வதும் இதேதான்.

பாட்டில் என்ன மாறுது?

சின்தசைசர் துள்ளலைக் கேட்டால் கொண்டாட்டப் பாட்டு மாதிரி இருக்கும். அர்த்தம் தெரிஞ்சா, நெடும்பயணம் கிளம்பும் ஒருவரின் வேண்டுதல் அது என்பது புரியும்.

அடுத்த முறை பாட்டில் புரியாத வார்த்தை வந்தா, அர்த்தம் தேடுறதுக்கு முன்னாடி அது எந்த மொழின்னு பாருங்க!