சக்கர நாற்காலி டெனிஸ்: களத்திற்குச் செல்லும் வழி எது?

விபத்தினாலோ, நோயினாலோ, போரினாலோ கால்களின் இயக்கத்தை இழந்த ஒருவருக்கு நமது சமூகம் முதலில் வழங்குவது அனுதாபம். அதன் பின்னர் ஒரு சக்கர நாற்காலி கிடைக்கிறது. அவர் உண்ண வேண்டும், மருந்து எடுக்க வேண்டும், இயலுமாயின் ஒரு சிறு தொழில் செய்ய வேண்டும் என்றெல்லாம் சிந்திக்கும் நாம், அவர் விளையாடவும் விரும்பக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பது அரிது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்திற்கும் அதிகமானோர், ஏதேனுமொரு வகையில் செயற்பாட்டுக் குறைபாடு உடையவர்கள். இவர்களுள் நடமாடுவதில் சிரமப்படுவோர் ஆடக்கூடிய விளையாட்டுக்களில் டெனிஸுக்குத் தனியிடம் உண்டு.

இவ்விளையாட்டின் தொடக்கமே ஒரு வைத்தியசாலைக் கட்டிலுடன் தொடர்புடையது. 1976 இல் பனிச்சறுக்கு விபத்தொன்றில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பிராட் பார்க்ஸ் என்ற 18 வயது அமெரிக்க இளைஞர், புனர்வாழ்வுச் சிகிச்சை பெற்ற காலத்தில் நாற்காலியில் அமர்ந்தவாறே பந்தை அடித்துப் பார்த்தார். தாமே வடிவமைத்த இலகுவான நாற்காலியில் ஆடிவந்த ஜெஃப் மினிபிரேக்கர் என்பவரும் அவருடன் இணைந்தார். அவர்களது முயற்சி 1988 சியோல் பராலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகவும், 1992 பார்சிலோனாவில் பதக்கத்திற்குரிய போட்டியாகவும் வளர்ந்தது. இன்று விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு கிராண்ட் ஸ்லாம் தொடர்களிலும் சக்கர நாற்காலிப் பிரிவு இடம்பெறுகிறது.

இந்த வளர்ச்சிக்கு முக்கிய காரணம், டெனிஸ் விளையாட்டு இதற்கென மாற்றப்படவில்லை என்பதே. ஆடுகளத்தின் நீளம் அதே 78 அடி. வலையின் உயரம் நடுவில் அதே 3 அடி. பந்தும் ரக்கெட்டும் புள்ளிக் கணக்கும் அவையே. பெரிய வேறுபாடு ஒன்றுதான்: பந்து இரண்டு முறை நிலத்தில் பட்டெழும் வரை திருப்பி அடிக்கலாம். முதற் துள்ளல் ஆடுகளத்தினுள் அமைய வேண்டும். இரண்டாவது எல்லைக்கு வெளியேயும் விழலாம். நாற்காலி வீரரது உடலின் ஒரு பகுதியாகவே கருதப்படுவதால், ஆட்டத்திலுள்ள பந்து அதில் பட்டால் புள்ளி எதிராளிக்குச் செல்லும். சேர்வ் செய்யுமுன் நாற்காலி அசையாது நிற்க வேண்டும்; அதன்பின் ஒருமுறை மாத்திரம் சக்கரத்தைத் தள்ளிப் பந்தை அடிக்கலாம். பந்தை அடிக்கும்போது இருக்கையிலிருந்து முற்றாக எழக் கூடாது.

நாற்காலியில் இருப்பவரும் நின்று ஆடுபவரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடவும் விதிகளில் இடமுண்டு. முன்னவருக்கு இரண்டு துள்ளல், மற்றவருக்கு ஒன்று. எனவே பயிற்சிக்கு இன்னொரு மாற்றுத்திறனாளியைத் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணனோ தங்கையோ பாடசாலைத் தோழரோ எதிர்ப்பக்கத்தில் நின்றால் போதும்.

ஆடுவதற்குத் தகுதியுடையோர் யார் என்பதிலும் தவறான எண்ணம் நிலவுகிறது. அன்றாட வாழ்வில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவராக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஒரு காலிலோ இரு கால்களிலோ கணிசமான செயலிழப்பு நிரந்தரமாக இருப்பதை மருத்துவர் உறுதிப்படுத்தினால் போட்டிகளில் பங்குபற்றத் தகுதி பெறலாம். செயற்கைக் காலுடன் நடமாடும் ஒருவர் களத்தில் மாத்திரம் நாற்காலியில் அமர்ந்து ஆடலாம். கைகளிலும் பாதிப்பு உள்ளவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 2004 ஏதென்ஸ் பராலிம்பிக்கிலிருந்து அதற்கும் பதக்கம் வழங்கப்படுகிறது. பிடிமானம் குறைந்தோர் ரக்கெட்டைக் கையுடன் பட்டி கொண்டு கட்டி ஆடுவது இப்பிரிவில் வழமை.

போட்டிக்கான நாற்காலி வேறு விதமானது. பாரம் குறைந்தது, சக்கரங்கள் மேற்பகுதியில் உள்நோக்கிச் சாய்ந்து, கீழே அகன்று நிற்பதால் விரைவாகத் திரும்பும். பின்புறம் சாய்ந்து விழாதிருக்கச் சிறு சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். இடுப்பையும் கால்களையும் பட்டிகள் இறுகப் பிணைக்கும். உடல் அளவுக்கேற்பச் செய்யப்படும் இத்தகைய நாற்காலியின் விலை பல இலட்சம் ரூபா. ஆயினும் தொடக்கத்திற்கு இது அவசியமன்று. அன்றாட நாற்காலியே போதும்; பின்னால் சாயாதிருக்கும் அமைப்பும் இடுப்புப் பட்டியும் அதில் இருத்தல் வேண்டும்.

முதலிற் கற்க வேண்டியது பந்தை அடிப்பதன்று, நாற்காலியைச் செலுத்துவதே. ரக்கெட்டைக் கையில் பிடித்தவாறே சக்கரத்தைத் தள்ளப் பழக வேண்டும். முற்றாக நின்றுவிட்ட நாற்காலியை மீண்டும் நகர்த்தப் பெரும் சக்தி செலவாவதால், தேர்ந்த வீரர்கள் பந்துகளுக்கு இடையேயும் உருண்டுகொண்டே இருப்பர். பந்து வருமிடத்தை முன்கூட்டி ஊகிப்பதே பாதி ஆட்டம். வேகம் குறைந்த மென்பந்துகளைக் கொண்டு ஆடுகளத்தின் ஒரு பகுதியில் பழகித் தொடங்குதல் நலம்.

நமது காலநிலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முள்ளந்தண்டின் மேற்பகுதி பாதிக்கப்பட்டோருக்குப் போதியளவு வியர்ப்பதில்லை; உடல் வெப்பம் ஆபத்தான நிலைக்கு உயரலாம். ஆதலால் காலையிலோ மாலையிலோ ஆடுவதும், நீர் அருந்துவதும், உடலை ஈரத்துணியால் குளிர்விப்பதும் இன்றியமையாதவை. உணர்ச்சியற்ற பகுதிகளில் அழுத்தப் புண் தோன்றாதவாறு நல்ல மெத்தை வேண்டும். ஆட்டத்தின் பின் தோலைப் பரிசோதிக்கவும் வேண்டும். நாற்காலியைத் தள்ளுவதும் பந்தை அடிப்பதும் அதே தோள்களே என்பதால் அவற்றைப் பலப்படுத்தும் பயிற்சியைத் தவிர்க்கலாகாது. தொடங்குமுன் வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது அவசியம்.

இலங்கைக்கு இவ்விளையாட்டு புதியதன்று. உலக அணிக் கிண்ணப் போட்டிகளில் இந்நாட்டு அணிகள் பங்குபற்றியுள்ளன. கொழும்பில் சர்வதேசச் சுற்றுப்போட்டிகள் நடைபெற்றுள்ளன. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ பராலிம்பிக்கில் சுரேஷ் தர்மசேன இலங்கையின் சார்பில் ஆடினார். எனினும் நமது வீரர்களில் மிகப் பெரும்பாலோர் இராணுவத்தில் பணியாற்றிக் காயமுற்றவர்கள். இது அவர்களது குறையன்று. அவர்களது உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் சிகிச்சையும் சம்பளமும் போக்குவரத்தும் பயிற்சி நேரமும் வழங்கும் ஒரு நிறுவனம் நின்றது என்பதை மறந்துவிடக் கூடாது. அதே போரில் ஷெல் வீச்சில் காலை இழந்த வன்னிப் பெண்ணுக்கோ, பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளிக்கோ, தேயிலை மலைச்சரிவில் விழுந்து முடங்கிய தோட்டத் தொழிலாளிக்கோ அவ்வாறான நிறுவனம் எதுவுமில்லை. களத்தின் விதிகள் அனைவருக்கும் பொதுவாயினும் களத்திற்குச் செல்லும் வழி அனைவருக்கும் பொதுவாக இல்லை.

இவ்வழியைத் திறப்பதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் சக்கர நாற்காலியில் வருவோர் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என 2006 இல் வெளியான ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. விளையாட்டில் சமமாகப் பங்குபற்றும் உரிமையை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. டெனிஸ் ஆடுகளமுள்ள பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் கழகங்களும் வாயிலில் ஒரு சாய்தளம், அணுகத்தக்க ஒரு கழிப்பறை, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆகியவற்றை ஒதுக்கலாம். புலம்பெயர்ந்தோர் அமைப்புக்களும் பழைய மாணவர் சங்கங்களும், ஒருவருக்கு ஒன்று என வழங்குவதிலும், பலர் மாறிமாறிப் பயன்படுத்தக்கூடிய நான்கைந்து விளையாட்டு நாற்காலிகளை ஓரிடத்தில் வைத்துப் பேணுவதற்கு உதவலாம். புனர்வாழ்வுச் சிகிச்சை முடிந்து வீடு செல்வோரிடம், அருகிலுள்ள ஆடுகளம் எது, யாரைச் சந்திக்க வேண்டும் என்பதை வைத்தியசாலைகள் எடுத்துரைக்கலாம்.

இவ்விளையாட்டுக்கு வருவோர் அனைவரும் பராலிம்பிக் செல்லப் போவதில்லை. வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வெளியேறி, வியர்க்க ஆடி, வென்றோ தோற்றோ திரும்பும் சாதாரண உரிமையே இங்கு பேசப்படுகிறது. அவ்வுரிமையை விரும்புவோர் அருகிலுள்ள ஆடுகளத்தின் வாயிலுக்குச் சென்று இடம் கேட்கத் தயங்கலாகாது. அவ்வாறு கேட்டு வருபவரை, படிகளைக் காட்டித் திருப்பி அனுப்பாதிருப்பது அந்த ஆடுகளங்களை நிர்வகிப்போரின் கடமையாகும்.