முகத்தைப் பிராண்டிய பறக்கும் விளக்கு... 2002-ல் உ.பி கிராமங்களைத் தூங்கவிடாத `முஹ்நோச்வா'!

வெயில் காலத்துல ராத்திரி கரன்ட் போனா நாம என்ன செய்வோம்? பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயிடுவோம். உத்தரப்பிரதேச கிராமங்களிலும் அதே கதைதான். என்ன, அங்கே பாய்க்குப் பதில் கயிற்றுக்கட்டில். வாசலோ, கூரை மேலோ, எங்கே கொஞ்சம் காற்று வருதோ அங்கே கட்டிலைப் போட்டுப் படுப்பார்கள்.

2002 ஆகஸ்ட்டில் அதே மக்கள் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். காரணம், `முஹ்நோச்வா'.

இந்தியில் `முஹ்' என்றால் முகம். `நோச்னா' என்றால் பிராண்டுவது. ராத்திரியில் வானத்திலிருந்து சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் அடித்தபடி ஏதோ ஒன்று இறங்கி வருகிறது, தூங்குபவர்களின் முகத்தையும் கையையும் கீறிவிட்டு, சுட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது... இதுதான் மிர்சாபூர் மாவட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மக்கள் சொன்னது. உருவம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. ஒருவருக்கு அது ஆமை, இன்னொருவருக்குப் பூச்சி. இரண்டு கையிலும் தீக்காயத்தோடு இருந்த ஒரு பெண், மினுமினுக்கும் விளக்குகள் வைத்த பெரிய ஃபுட்பால் மாதிரி இருந்தது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். வலியில் தூங்கவே முடியவில்லை என்றும் சொன்னார்.

அந்தக் காயத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

மிர்சாபூர் பக்கம் ஷான்வா என்ற கிராமத்தில், வயிற்றில் காயம்பட்டு ஒருவர் இறந்துபோனார். அதையும் `அது'தான் செய்தது என்றார்கள் ஊர்க்காரர்கள். ஒரே வாரத்தில் காரணம் தெரியாத காயங்களால் ஏழு பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. கிராமங்களில் ஆண்கள் குழுவாகச் சேர்ந்து, மேளம் அடித்து, `எல்லாரும் உஷாரா இருங்க' என்று கத்தியபடி விடிய விடிய ரோந்து போனார்கள். யோசிச்சுப் பாருங்க... நடுராத்திரியில் இப்படி ஒரு சத்தம் தெருவில் போனால், பயப்படாதவனுக்கும் தூக்கம் வருமா?

ஆளுக்கொரு விளக்கம்!

`என்னதான் அது?' என்று மக்கள் கேட்டபோது கிடைத்த பதில்கள்தான் இந்தக் கதையிலேயே எனக்கு ஆச்சர்யமான பகுதி. டாக்டர்கள், இது கூட்டமாகப் பரவும் மனப்பதற்றம், பல காயங்கள் அவர்களே ஏற்படுத்திக்கொண்டதாக இருக்கலாம் என்றார்கள். போலீஸ் தரப்பிலோ, மூன்றரை அங்குல நீளத்தில் இறக்கை வைத்த பூச்சி என்றார்கள். கான்பூர் ஐ.ஐ.டி-யிலிருந்து வந்த குழு, நீண்ட வறட்சியும் வெப்பமும் சேரும்போது உருவாகும் பந்து மின்னல் என்றது. இதற்கு நடுவில், மாவட்ட நிர்வாகத்தின் உயரதிகாரி ஒருவரே அந்தப் பறக்கும் பொருளை வீடியோவில் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. பாகிஸ்தான் அனுப்பிய கருவி என்ற பேச்சும் சும்மா இருக்கவில்லை.

பூச்சியா, மின்னலா, மனசா? படித்தவர்களே ஆளுக்கொன்று சொன்னால், ஊர்க்காரர் தன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைத்தானே நம்புவார்?

எனக்கு இதில் ஒரே ஒரு விடை இருக்கும் என்று தோன்றவில்லை. அந்த வருஷம் ஜூலையில் நாடு முழுக்கப் பருவமழை வழக்கத்தில் பாதி அளவுக்குத்தான் பெய்தது. வயல் காய்ந்து கிடக்கிறது, கரன்ட் இல்லை, கும்மிருட்டு. அதற்கு முந்தைய வருஷம், 2001 மே மாதத்தில்தான், டெல்லியில் `குரங்கு மனிதன்' பீதி கிளம்பி, பயத்தில் மாடியிலிருந்து குதித்துச் சிலர் இறந்திருந்தார்கள். ராத்திரியில் ஏதோ வந்து பிராண்டும் என்ற கதை வட இந்தியாவுக்குப் புதுசு இல்லை.

கூடவே தூக்கம். அரைத்தூக்கத்தில் உடம்பை அசைக்க முடியாமல், யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் அனுபவம் பலருக்கு வந்திருக்கும். நம்ம ஊரில் `அமுக்குவான் பேய்' என்பார்கள், மருத்துவத்தில் `ஸ்லீப் பராலிசிஸ்'. நாள்கணக்கில் தூக்கம் கெட்டால் அது அதிகமாக வரும். காயத்துக்கும் வழி இருக்கிறது. `பெடரஸ்' என்று ஒரு சின்ன வண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வரும். தூக்கத்தில் தோலில் வைத்து நசுக்கிவிட்டால், ஒன்றிரண்டு நாளில் நீளமாகக் கோடு இழுத்த மாதிரி சுட்ட புண் வரும். சராசரியாக ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. முஹ்நோச்வா இதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால், சாதாரண நாளில் `ஏதோ பூச்சி' என்று விட்டுவிடும் தடத்தை, பீதி பரவிய ஊரில் யாரும் அப்படி விடமாட்டார்கள்.

அமேசானிலும் அதே இரவு

1977-ல் பிரேசிலின் பாரா மாநிலத்தில், அமேசான் கடலில் கலக்கும் பகுதியில் உள்ள கொலாரிஸ் தீவிலும் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. வானத்திலிருந்து வெளிச்சம் பாய்ந்து, உடம்பைச் சுட்டு, ரத்தத்தை உறிஞ்சுகிறது என்றார்கள் மீனவ மக்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் `சூப்பா சூப்பா'; `உறிஞ்சி' என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி முழுக்கத் தீ மூட்டி, வெடி வெடித்து, கண்விழித்துக் காவல் இருந்தார்கள். பல குடும்பங்கள் தீவைவிட்டே கிளம்பின. அங்கிருந்த பெண் மருத்துவர் ஒருவர், தீக்காயங்களோடு வந்த பலருக்குச் சிகிச்சை கொடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். பிரேசில் விமானப்படையே `ஆபரேஷன் பிராட்டு' என்ற பெயரில் மாதக்கணக்கில் விசாரித்தது. போட்டோ, வரைபடம், சாட்சியம் எல்லாம் சேர்த்தும், வேற்றுக்கிரகத்து விஷயம் எதுவும் உறுதியாகவில்லை. ஆனால், யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

உ.பி-யில் அந்தப் பொறுமை போதவில்லை. போலீஸ் எதுவும் செய்யவில்லை என்று மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். லக்னோவுக்குப் பக்கத்தில் உள்ள பாராபங்கியில், `தாக்குறவங்களைப் பிடிச்சுக் குடுங்க' என்று சுமார் 10,000 பேர் திரண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் சுட்டது. ஒருவர் இறந்துபோனார்.

கொஞ்ச நாளில் முஹ்நோச்வா செய்திகள் அடங்கிவிட்டன. பூச்சியும் சிக்கவில்லை, பந்தும் சிக்கவில்லை. அந்த ஏழு மரணங்களுக்கு இன்றுவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பாராபங்கியில் இறந்தவர் விஷயத்தில் மட்டும் அந்தக் குழப்பம் யாருக்கும் இல்லை.